"சீ, அதெல்லாம் கேக்காதே"ன்னு வீட்டுல அடக்குற கேள்வி எல்லாம் இங்க கேளுங்க (பெத்தாய் நாத்தம், காக்கா கூட்டுக் குயில், டுரியான், வௌவால்...)

செந்தூல்_அம்மா:
வணக்கம் எல்லாருக்கும். எங்க பையன் தமிழ்ப்பள்ளியில நாலாம் ஆண்டு படிக்கிறான், காலையில கண்ணு முழிச்சதுல இருந்து கேள்விதான். அதுல பாதிய கேட்டாலே எங்க அத்தை "சீ சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு"ன்னு அடக்கிருவாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. நாறுது, அசிங்கம், சனியன்னு நாம ஒதுக்கி வைக்கிறதுலதான் தெரிஞ்சுக்க வேண்டியது நெறைய இருக்குன்னு தோணுது, அதனால தெரிஞ்சவங்க பதில் சொல்லுங்க, நான் அவனுக்குப் படிச்சுக் காட்டப் போறேன்.

முதல் கேள்வி, சம்பல் பெத்தாய் (நாத்தம் அடிக்கிற அவரை மாதிரி ஒரு கொட்டை) செஞ்ச மறுநாள் பாத்ரூம்ல இருந்து வந்து "அம்மா, பெத்தாய் வயித்துக்குள்ள போயும் ஏன் இன்னும் சாகல?"ன்னு கேக்குறான். ரெண்டாவது, எங்க பிளாட்டுக்கு எதிர்ல ஒரு அங்சானா மரம், அதுல ஒரு காக்கா கறுப்பா வெள்ளப் புள்ளியோட இருக்குற ஒரு குஞ்சுக்கு நாள் முழுக்க ஊட்டுது, அது குயில் குஞ்சுன்னு கீழ் வீட்டு அங்கிள் சொல்றாரு. காக்காவுக்குத் தன் பிள்ளை எதுன்னு தெரியாதா? மூணாவது என் சொந்தக் கேள்வி, இட்லி மாவு கேஎல்ல (கோலாலம்பூர்ல) ஒரு ராத்திரியில பொங்கி வழியுது, கேமரன் மலையில இருக்குற என் தங்கச்சிக்கு மறுநாள் மத்தியானம் ஆனாலும் அப்படியே கெடக்குது, ஒரே உளுந்து ஒரே அரிசி, அவ கை ராசி இல்லன்னு எல்லாரும் சொல்றது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.

ரசாயன_வாத்தியார்:
பையன் கேட்டது அருமையான கேள்வி, அவனைத் தட்டிக் குடுங்கம்மா. பெத்தாய்க் கொட்டைக்குள்ள கந்தகச் சத்து அதிகம். ஒரே கூட்டுல பல கந்தக அணு வளையமா கோத்துக்கிட்டு இருக்குற பொருள்கள் அதுல உண்டு, நாம மெல்லும்போது, செரிக்கும்போது அதெல்லாம் உடைஞ்சு லேசா ஆவியாகுற சின்னச் சின்ன கந்தகக் கூறுகளா மாறும். அது ரத்தத்துல கலந்து கிட்னி வழியா மூத்திரத்துல வருது, கொஞ்சம் மூச்சுலயும் வருது, பல்லு விளக்கினாலும் வாய்நாத்தம் முழுசா போகாததுக்கு அதுதான் காரணம். ஆக, பையன் சொன்னது சரிதான், பெத்தாய் உள்ள போய் அழியல, உருமாறி வெளிய வருது, அவ்வளவுதான். இதனால உடம்புக்கு எந்தக் கேடும் இல்ல.

மேல்நாட்டுல ஆஸ்பராகஸ்னு ஒரு தண்டு சாப்பிடுவாங்க, அதுலயும் இதே கதை, கந்தகம் உடைஞ்சு மெத்தேன்தயோல்னு ஒரு வாயு வரும். ஆனா அந்த வாடை சிலருக்குத் தெரியவே தெரியாது, மூக்குல வாசனை புடிக்குற மரபணு ஆளுக்கு ஆள் வித்தியாசப்படுது.

இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க, நம்ம அடுப்படியில இருக்குற காஸ் தோங்குக்குள்ள (சிலிண்டருக்குள்ள) உள்ள வாயுவுக்கு சொந்தமா வாசனையே கிடையாது. கசிஞ்சா தெரியணும்னு கம்பெனிக்காரங்க வேணும்னே ஒரு கந்தகப் பொருளைக் கலக்குறாங்க. ஏன் கந்தகம்னா மனுசன் மூக்கு அதை நூறு கோடி பங்குல ஒண்ணு ரெண்டு பங்கு இருந்தாலே புடிச்சிரும். கெட்டுப்போன முட்டை, அழுகுன கறி எல்லாத்துலயும் கந்தகம் வர்றதால அதைக் கண்டுபுடிச்சு ஒதுங்குன மூக்குதான் நம்ம முன்னோர்களைக் காப்பாத்துச்சு.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்:
வாத்தியார் சொன்னதோட நான் ஒண்ணு சேத்துக்குறேன், கிட்னி வார்டுல வேலை பாக்குறவங்கிறதால. பெத்தாயால பயம் இல்ல, ஆனா ஜெரிங்னு இன்னொரு நாத்தக் கொட்டை இருக்கே, அது வேற. ரெண்டையும் ஒண்ணா நெனைக்காதீங்க. ஜெரிங்ல ஜெங்கோலிக் அமிலம்னு ஒண்ணு இருக்கு, 1933ல ஜாவாவுல இதைப் பிரிச்சு எடுத்தாங்க. அது மூத்திரத்துல சரியா கரையாது, ஊசி ஊசியா படிகமாகி குழாயைக் குத்தும், அடைக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்துலயே விலாப் பக்கம் சுருக்குன்னு வலி, மூத்திரம் கொஞ்சம் கொஞ்சமா, சில பேருக்கு ரத்தத்தோட. ஒரே ஆளு ஒரு தடவை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, இன்னொரு தடவை மாட்டிக்குவாங்க, அதான் இதுல மோசம். ஊறவச்சு, வேகவச்ச தண்ணியக் கொட்டிட்டு சாப்பிடறது பரவால்ல, பச்சையா உலாமோட (பச்சைக் கீரையோட) கடிக்கிறது வேண்டாம். வலி வந்துச்சுன்னா கை வைத்தியம் பாக்காம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தாமான்_பாகியா:
எங்க தாத்தா தோட்டத்துல இருந்தப்ப ஜெரிங் சாப்பிட்டு துடிச்சதா பாட்டி சொல்லுவாங்க, யாரோ செய்வினை வச்சிட்டாங்கன்னு தாயத்து கட்டுனாங்களாம். இப்பதான் புரியுது.

ஜார்ஜ்டவுன்_பறவைப்பிரியன்:
குயில் கேள்விக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் இது, கொஞ்சம் நீளமா எழுதினா பொறுத்துக்குங்க.

முதல்ல அந்தக் காக்காவே இந்த ஊரு இல்ல. 1890கள்ல, ரப்பர் வர்றதுக்கு முன்ன, கிள்ளான் பக்கம் எல்லாம் காப்பித் தோட்டம். காப்பிச் செடியில புழு விழுந்து நாசம் பண்ணுச்சு, அதைத் தின்னட்டும்னு சிலோன்ல இருந்து காக்காவைக் கப்பல்ல கொண்டாந்து விட்டாங்க. காப்பி போயிருச்சு, காக்கா நின்னுருச்சு. நம்ம ஆளுங்க எந்தக் கடலைத் தாண்டி வந்தாங்களோ அதே கடலைத் தாண்டி வந்த பறவைதான் அது. குயில் முன்ன எல்லாம் இங்க குளிர்காலத்துல வந்து தலைகாட்டிட்டுப் போற பறவை, காக்கா பெருகுன பிறகுதான் இங்கேயே தங்கி முட்டை போட ஆரம்பிச்சுச்சு.

இனி கூட்டுக்கு வருவோம். ஆண் குயில் கன்னங்கரேல்னு செவப்புக் கண்ணோட இருக்கும், காக்கா கூட்டுக்கிட்ட போய் சத்தம் போட்டு வம்பு இழுக்கும். காக்கா ரெண்டும் அதை விரட்டிக்கிட்டுப் போற நேரம் பாத்து, பழுப்புல புள்ளி புள்ளியா இருக்குற பொட்டைக் குயில் உள்ள பூந்து முட்டை போட்டுட்டு வந்துரும். குயில் முட்டை காக்கா முட்டைய விடச் சின்னது, ஆனா நிறமும் திட்டும் ஏறக்குறைய ஒண்ணு போலவே. அதோட குயில் முட்டை 12, 14 நாள்ல பொரிஞ்சிரும், காக்கா முட்டைக்கு 16, 17 நாள் ஆகும். மொதல்ல வெளிய வந்தவன் மொதல்ல சாப்பிடறான்.

காக்காவுக்குத் தெரியாதான்னு கேட்டீங்க. காக்கா அறிவுள்ள பறவை, மனுசன் மூஞ்சியவே ஞாபகம் வச்சுக்கும். ஆனா கூட்டுக்குள்ள வாயத் தொறந்து கத்துற எதுக்கும் ஊட்டணும்ங்கிறது அதோட உடம்புல ஊறுன ஒண்ணு. சந்தேகப்பட்டு தன் சொந்தக் குஞ்சையே தள்ளிவிட்டுட்டா அது அதைவிடப் பெரிய நஷ்டம் இல்லையா, அதனால சந்தேகப்படாம ஊட்டுறதுதான் அதுக்கு லாபம். இன்னொரு நல்ல சேதி, ஐரோப்பாவுல உள்ள குயில் குஞ்சு மத்த முட்டைய முதுகால உருட்டிக் கீழ தள்ளிரும், நம்ம குயில் குஞ்சு பொதுவா அப்படிச் செய்யறதில்ல, பல கூட்டுல காக்காக் குஞ்சும் குயில் குஞ்சும் ஒண்ணாவே வளருது. பையனை அந்த மரத்தை நல்லா பாக்கச் சொல்லுங்க, பக்கத்துல வேற காக்காக் குஞ்சும் இருக்கலாம்.

செந்தூல்_அம்மா:
இருக்கு அண்ணா! ரெண்டு இருக்கு, இப்பதான் பால்கனியில போய்ப் பாத்துட்டு வந்தோம். பையன் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கான்.

மாவு_அக்கா:
தங்கச்சி கை ராசிய யாரும் குறை சொல்லாதீங்க. நான் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒட்டுக்கடை போட்டு காலைப் பசியாறலுக்கு இட்லி தோசை விக்கிறேன், மாவோடயேதான் என் பொழப்பு.

மாவைப் பொங்க வைக்குறது கையில இல்ல, உளுந்துலயும் அரிசியிலயும் ஏற்கனவே ஒட்டிக்கிட்டு இருக்குற பாக்டீரியாதான். அதுல முக்கியமானது லியூகோநாஸ்டாக்னு ஒரு இனம், 1965லயே இட்லி மாவுல ஆராய்ச்சி பண்ணி கண்டுபுடிச்சிருக்காங்க. அது மாவுல உள்ள சர்க்கரையத் தின்னு புளிப்பும் கொடுக்கும், கரியமில வாயுவும் விடும். வாயு வந்தா மட்டும் போதாது, அதைப் புடிச்சு வைக்க ஏதாவது வேணும்ல, அதுக்குத்தான் உளுந்து. உளுந்தை ஊறவச்சு அரைச்சா கொழகொழன்னு இழுக்குதே அந்தப் பசைதான் ஒவ்வொரு வாயுக் குமிழையும் சுத்தி நிக்குது, ஆவியில வெந்தாலும் அமுங்காம நிக்குறதுக்கு அதான் காரணம். உளுந்தைக் குறைச்சா மாவு புளிக்கும், ஆனா இட்லி கல்லு.

கேமரன் உயரம் ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல, ராத்திரி 16 டிகிரி வரை எறங்கும், பாக்டீரியா மெதுவா வேலை செய்யும். கேஎல்ல வீட்டுக்குள்ள ராத்திரி 28, 29 இருக்கும், அதுக்கு ரொம்பப் புடிச்ச சூடு. தங்கச்சி என்ன செய்யணும்னா, அவன் அடுப்பு (oven) இருந்தா பத்த வைக்காம உள்ள லைட்டை மட்டும் போட்டு மாவை வைக்கணும், அந்த லைட்டு சூடே போதும், இல்லன்னா மூடி போட்ட ஐஸ் பெட்டிக்குள்ள (ஃபிரிட்ஜ் இல்ல, சூடு வெளிய போகாத பெட்டி) சுடுதண்ணி பாட்டிலோட வைக்கணும். நேரத்தைப் பாக்காதீங்க, மாவைப் பாருங்க. மேல லேசா மேடு கட்டி இருக்கணும், ஏனத்தோட ஓரத்துல ஊசி ஓட்டை மாதிரி நெறைய தெரியணும், கரண்டியை விட்டா சொத்துன்னு விழாம புஸ்ஸுன்னு எறங்கணும். அந்த நிலையிலதான் இட்லி ஊத்தணும், அதுக்கு மேல விட்டா புளிப்பு ஏறி தோசைக்குத்தான் ஆகும்.

இங்க கேஎல்காரங்களுக்கு நேர்மாறா ஒண்ணு, மிக்ஸியில அரைக்கிறவங்க ஐஸ் தண்ணி ஊத்தி அரைங்க, பிளேடு சூட்டுல மாவு அப்பவே வெதுவெதுன்னு ஆயிரும், விடியறதுக்குள்ள புளிச்சுத் தள்ளிரும்.

தாமான்_பாகியா:
அக்கா, கையால கலக்கணும்ங்கிறாங்களே?

மாவு_அக்கா:
கையில இருந்தும் கொஞ்சம் சேரும், ஆனா அது இல்லாமலே பொங்கும். நான் மரக்கரண்டிலதான் கலக்குறேன், வியாபாரத்துல சுத்தம் முக்கியம்.

நிபோங்_தெபால்_தம்பி:
எனக்கும் ஒரு கேள்வி. எங்க வீட்டு சேவல் சிலி பாடி (சின்ன ஊசி மிளகா) செடிய மொட்டை அடிச்சிருச்சு, பழத்தை ஒண்ணு விடாம முழுங்குது. எனக்கு அரைப் பழம் கடிச்சா கண்ணுல தண்ணி. கோழிக்குக் காரம் தெரியாதா?

ரசாயன_வாத்தியார்:
தெரியாது தம்பி, உண்மையாவே தெரியாது. காரம்ங்கிறது ருசி இல்ல, அது வலி. நம்ம நரம்புல சூட்டை உணர்ற ஒரு புரதம் இருக்கு, சுமார் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா அது தொறந்து "சுடுது"ன்னு மூளைக்குச் சொல்லும். மிளகாயில உள்ள கேப்சைசின் அதே புரதத்துல போய் ஒட்டி அதே மாதிரி தொறந்துரும். ஆக சூடே இல்லாம சுடுதுன்னு மூளை நம்புது, வேர்க்குறது, மூக்கு ஒழுகுறது எல்லாம் அதனாலதான். டேவிட் ஜூலியஸ்னு ஒரு விஞ்ஞானி 1997ல அந்தப் புரதத்தைக் கண்டுபுடிச்சாரு, 2021ல நோபல் பரிசு கெடச்சுது. பறவைங்களுக்கும் அந்தப் புரதம் இருக்கு, சூடு தெரியும், ஆனா கேப்சைசினுக்கு அசையாது.

மிளகாய்ச் செடிக்கு இதுல பெரிய ஆதாயம். எலி தின்னா விதையக் கடிச்சு அரைச்சிரும், பறவை முழுசா முழுங்கி வேற எடத்துல போய் எச்சம் போடும், விதை முளைக்கும். யாரு திங்கணும் யாரு திங்கக் கூடாதுன்னு செடி இப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கு. உங்க வீட்டைச் சுத்தி எங்கெங்க புது மிளகாக் கன்னு வருதுன்னு கவனிங்க, சேவல் போற வழி தெரியும்.

காரம் ஏறிருச்சுன்னா தண்ணி குடிக்காதீங்க, கேப்சைசின் தண்ணியில கரையாது, வாய் பூரா பரவும். பாலோ தயிரோ குடிங்க, பாலுல உள்ள கேசின் புரதம் அதை நரம்புல இருந்து இழுத்துட்டுப் போயிரும். நாசி கண்டார் சாப்பிட்டுட்டு மோர் குடிக்கிறது நல்ல பழக்கம். மிளகா நறுக்குன கை எரிஞ்சா மொதல்ல எண்ணெய் தேச்சு அப்புறம் சோப்பு போடுங்க.

பண்டார்_உத்தாமா_ஐடி:
இடி இடிக்கும்போது போன் பேசக் கூடாதுன்னு பாட்டி சொல்றாங்களே, அது உண்மையா? கேஎல்ல தினம் சாயங்காலம் இடிதான்.

ரசாயன_வாத்தியார்:
வீட்டுக்குள்ள கைப்பேசி பேசலாம், அது மின்னலை இழுக்காது. சார்ஜ்ல குத்தி வச்சுக்கிட்டுப் பேசாதீங்க, வயர் போட்ட வீட்டு போனையும் தொடாதீங்க, மின்னல் வயர் வழியா உள்ள வரும். மோடம், டிவி பிளக்கைப் பிடுங்கி வைங்க. மின்னலைப் பாத்ததும் எண்ணுங்க, மூணு வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டா பையன் பந்து விளையாடுறதை நிறுத்திட்டு உள்ள வரணும்.

பாலேக்_பூலாவ்_தோட்டக்காரன்:
பெத்தாயில கந்தகம்னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. டுரியானும் கந்தகம்தான். சிங்கப்பூர்ல ஒரு குழு 2017ல மூசாங் கிங்ங்கிற டுரியான் ரகத்தோட மரபணுவை முழுசா படிச்சு வெளியிட்டாங்க, கந்தக வாசனைய உண்டாக்குற ஒரு மரபணு டுரியான்ல பல நகலா பெருகி இருக்குதாம், பழம் பழுக்கும்போது அது முழு வேகத்துல வேலை செய்யுது. 2018ல மெல்பர்ன்ல ஒரு பல்கலைக்கழக நூலகத்துல காஸ் கசியுதுன்னு நூத்துக்கணக்கான மாணவர்களை வெளியேத்துனாங்க, கடைசியில அலமாரிக்குள்ள அழுகுன டுரியான். வாத்தியார் சொன்ன காஸ் தோங்கு கணக்கு அங்க சரியா வருது.

ஆனா நான் சொல்ல வந்தது வாசனை இல்ல, வௌவால். டுரியான் பூ சாயங்காலம்தான் விரியும், ராத்திரி பூரா தேன் சுரக்கும், விடியும்போது பாத்தா மரத்தடியில வெள்ளப் பாய் விரிச்சாப்ல கொட்டிக் கெடக்கும். அந்த ஒரு ராத்திரிக்குள்ள ஒரு மரத்து மகரந்தம் இன்னொரு மரத்துக்குப் போகணும். அந்த வேலைய அதிகமா செய்யறது குகையில தூங்குற சின்னத் தேன் வௌவால், பத்துமலைக் குகையிலயும் அந்த இனம் இருக்கு. ராத்திரி பல கிலோமீட்டர் பறந்து வந்து நாக்கை நீட்டி தேன் குடிக்கும், நெத்தி மார்பு எல்லாம் மகரந்தம் அப்பிக்கும், அப்படியே அடுத்த மரம். டுரியான் பூக்காத மாசத்துல கடலோரச் சதுப்புக்காட்டுப் பூவைக் குடிச்சு உயிர் வாழும். சதுப்புக்காட்டை வெட்டுனா, குகைய உடைச்சா, ரெண்டு மலை தள்ளி இருக்குற டுரியான் மரத்துல காய் குறையும்.

பெரிய வௌவால், கெலுவாங்னு சொல்றோமே, அது பூவைக் கெடுக்குதுன்னு சுடுறாங்க, வலை போடுறாங்க. தியோமான் தீவுல ராத்திரி கேமரா வச்சுப் பாத்து 2017ல எழுதி இருக்காங்க, அதுவும் பூவைச் சேதப்படுத்தாம தேன் குடிச்சுட்டு மகரந்தத்தைச் சேத்து வைக்குதுன்னு. கேட்டுக்கோங்க, வௌவாலை விரட்டுறவன் தன் மரத்தோட வயித்துலயே அடிக்கிறான். என்னோட கெஞ்சல் இது, தோட்டம் வச்சிருக்குற சொந்தக்காரங்க யாரு இருந்தாலும் சொல்லுங்க.

நிபோங்_தெபால்_தம்பி:
அண்ணா, டுரியான் சாப்பிட்டுட்டு பீர் குடிச்சா செத்துருவாங்கன்னு மாமா சொல்றாரு.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்:
செத்துருவாங்கன்னு சொல்ல ஆதாரம் இல்ல தம்பி. ஆனா சும்மா வந்த பேச்சும் இல்ல. ஜப்பான்ல சுகுபா பல்கலைக்கழகத்துல 2009ல சோதனைக் குழாய்ல பாத்தாங்க, சாராயத்தை உடம்பு உடைக்கும்போது நடுவுல வர்ற விஷத்தை அழிக்கிற நொதியை டுரியான் சாறு பெரிய அளவுல முடக்குதுன்னு. அந்த விஷம் தேங்குனா மூஞ்சி செவந்து நெஞ்சு படபடன்னு அடிக்கும், வாந்தி வரும். அதனால ரெண்டையும் சேக்காதீங்க. அதைவிட எனக்குக் கவலை கிட்னி கெட்டவங்கதான், டுரியான்ல 100 கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம் இருக்கு, டயாலிசிஸ் பண்றவங்க ஆசைக்குன்னு ரெண்டு மூணு சுளை சாப்பிட்டா இதயத் துடிப்பே தடுமாறும். சீசன் வந்தாலே வார்டுல நாங்க எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருப்போம். வீட்டுல அப்படி யாராவது இருந்தா அவங்க முன்னால பழத்தை உடைக்காதீங்க, பாவம்.

செந்தூல்_அம்மா:
பையன் இன்னொண்ணு கேக்குறான். கம்பத்துல (கிராமத்துல) எங்க மாமா வீட்டு மாமரத்துல வௌவால் கடிச்ச பழம் விழும், கடிச்ச எடத்தை வெட்டிட்டு சாப்பிடலாமா? வௌவால் நல்லதுன்னு அண்ணன் சொன்ன பிறகு அவனுக்கு அது மேல ரொம்பப் பாசம் வந்துருச்சு.

மிஸ்ஸி_ஜெலுத்தோங்:
கூடாது கண்ணு, வெட்டிட்டும் கூடாது. வௌவால் மேல பாசமா இரு, அது எச்சில் பண்ண பழம் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. 1998, 99ல ஈப்போ பக்கம் தொடங்கி நெகிரி செம்பிலான் வரைக்கும் பன்னிப் பண்ணையில வேலை செஞ்சவங்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்துச்சு. மொதல்ல கொசுவால வர்ற ஜப்பானியக் காய்ச்சல்னு நெனச்சு கொசு மருந்து அடிச்சாங்க, தடுப்பூசி போட்டாங்க, ஆனா நிக்கல. கொசுன்னா சின்னப் பிள்ளைங்களையும் அக்கம்பக்கத்தையும் புடிக்கணும், இது பன்னியைத் தொட்டு வேலை செஞ்ச பெரியவங்களையே புடிச்சுது. அப்புறம் மலாயாப் பல்கலைக்கழகத்துல டாக்டர் சுவா காவ் பிங் 1999 மார்ச்ல புது வைரஸைக் கண்டுபுடிச்சாரு, சுங்கை நிப்பாங்கிற கிராமத்துப் பேரையே அதுக்கு வச்சாங்க. 265 பேருக்கு வந்து 105 பேர் எறந்துட்டாங்க, பத்து லட்சத்துக்கும் மேல பன்னியை அழிச்சாங்க.

அந்த வைரஸ் கெலுவாங் உடம்புல அதுக்கு ஒரு கேடும் பண்ணாம இருந்துச்சு. பன்னிக் கொட்டகைக்கு மேலயே மாமரம் வச்சிருந்தாங்க, வௌவால் கடிச்சுப் போட்ட பழம் கீழ விழுந்து பன்னி தின்னுச்சு, பன்னியில இருந்து மனுசனுக்கு. மரத்தையும் கொட்டகையையும் தள்ளித் தள்ளி வச்சிருந்தா இது நடந்திருக்காது. அதனால கடிச்ச பழத்தைக் கையுறை போட்டோ இலையால புடிச்சோ எடுத்துக் குழியில போட்டு மூடுங்க, கைய சோப்பு போட்டுக் கழுவுங்க, ஆடு கோழிக்கும் போடாதீங்க. கீழ விழுந்து கெடக்குற வௌவாலைப் பையன் தொடக் கூடாது, பெரியவங்களைக் கூப்பிடணும்.

பாலேக்_பூலாவ்_தோட்டக்காரன்:
மிஸ்ஸி சொன்னதை அப்படியே செய்யுங்க. பழத்தைக் காப்பாத்தணும்னா காய் பெருசாகும்போதே பேப்பர் பையோ துணிப்பையோ கட்டிருங்க, வலை வேண்டாம், வௌவால் மாட்டிக்கிட்டு சாகும்.

செந்தூல்_அம்மா:
சரிங்க அண்ணா, மாமாவுக்கு இப்பவே போன் போட்டுச் சொல்லிட்டேன், பை கட்டுறேன்னு சொல்லிட்டாரு. மாவு அக்கா, தங்கச்சி வீட்டுல அவன் அடுப்பு இல்ல, ஐஸ் பெட்டிதான் இருக்கு, சுடுதண்ணி எவ்வளவு சூடு இருக்கணும்?

மாவு_அக்கா:
கை பொறுக்குற சூடு போதும், கொதிக்கக் கொதிக்க ஊத்தக் கூடாது, பாக்டீரியா செத்துரும். பாட்டில் மாவு ஏனத்தை ஒட்டாம ஓரமா நிக்கட்டும். படுக்கப் போறப்ப ஒரு தடவை தண்ணிய மாத்தச் சொல்லுங்க.